ஆறாவது கலவை



சென்ற மாதம் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது முன்வரிசை மாணவி ஒருத்தி, “டீச்சர், உங்கள் கையில் என்ன ஆயிற்று?” என்று கேட்டாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சிவந்த தடிப்புகள் இருந்தன. நீளக்கைச் சட்டை அணிந்து மறைத்திருந்தும் கரும்பலகையில் எழுதக் கையை உயர்த்தியபோது அவள் பார்த்துவிட்டாள். “வீட்டில் படகு செய்கிறோம், அதனால் வந்தது” என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. காகிதப் படகு என்று நினைத்துவிட்டார்கள்!

காகிதப் படகு அன்று. 3.6 மீட்டர் நீளமும் 1.3 மீட்டர் அகலமும் கொண்ட உண்மையான படகு. நானும் என் கணவரும் எங்கள் வீட்டு வாசலில், மகிழுந்து நிறுத்த வேண்டிய இடத்தில் அதனைச் செய்துகொண்டிருக்கிறோம். அந்தத் தடிப்புகள் எப்படி வந்தன என்பதைச் சொல்ல வேண்டுமானால், நான் செய்த ஒரு தவற்றையும் அதனை இரண்டு நாள் மறைத்து வைத்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பல நாள் தயங்கிய பின்னரே இதனை எழுதுகிறேன்.

என் கணவர் கோல சிலாங்கூரில் ஆற்றை ஒட்டிய தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய சிறு வயதில் சம்பான் படகில் ஏறி அக்கரைக்குப் போய் வந்த கதைகளைத் திருமணமான நாள் முதல் கேட்டு வருகிறேன். 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லாரும் வீட்டுக்குள் அடைபட்டபோது, சொந்தமாகப் படகு கட்டுவோரின் காணொளிகளை அவர் பார்க்கத் தொடங்கினார். அப்போது நான் அதனைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னர் அறுபது வயதில் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். மகன் வெளியூரில் படிக்கிறான். நான் காலையில் பள்ளிக்குப் போனால் மாலையில்தான் திரும்புவேன். வந்தபின் தேர்வுத்தாள், அறிக்கை, புலனக் குழுவில் பெற்றோரின் கேள்விகள். ஒரே வீட்டில் இருவர் இருந்தும், “சாப்பிட்டீர்களா?” “சாப்பிட்டேன்” என்பதற்கு மேல் பேச்சு வளராத நாள்கள் பல.

ஒரு நாள் அவர் ஒட்டுப்பலகைகளை வாங்கி வந்து வாசலில் அடுக்கினார். “இதற்கு எவ்வளவு செலவாகும்? அக்கம் பக்கத்தார் என்ன நினைப்பார்கள்?” என்றுதான் முதலில் கேட்டேன். அவர் மறுமொழி கூறாமல் படகின் வரைபடத்தை என்னிடம் நீட்டினார். அதில் ஓரிடத்தில் 1:8 என்று எழுதியிருந்தது. எட்டடி நீளப் பலகையில் பன்னிரண்டு அடிப் படகு செய்ய இயலாது. ஆகவே இரு பலகைகளின் ஓரங்களைச் சரிவாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒட்ட வேண்டும். பலகையின் கனம் 6 மில்லிமீட்டர் என்றால் சரிவின் நீளம் 48 மில்லிமீட்டர். “விகிதம் உன் பாடமல்லவா, டீச்சரம்மா? நீயே கோடு போட்டுக் கொடு” என்றார். நான் கோடு போட்டுக் கொடுத்தேன். அந்த மாலையிலிருந்து அது எங்கள் இருவரின் படகாயிற்று.

இவ்வகைப் படகுக்கு ஆணி அதிகம் தேவையில்லை. பலகைகளை வரைபடத்தின்படி அறுத்து, ஓரங்களில் சிறு துளைகள் இட்டு, செம்புக் கம்பியால் துணி தைப்பது போல் தைத்து இழுத்தால் தட்டையான பலகைகள் வளைந்து படகின் வடிவம் பெறுகின்றன. பிறகு மூட்டுகளைப் பசையால் நிரப்பி, கம்பிகளை நீக்கிவிட வேண்டும். இங்கிலாந்தில் பாரி பக்னெல், ஜாக் ஹோல்ட் ஆகிய இருவர் 1962-இல் வடிவமைத்த ‘மிரர்’ என்னும் சிறு பாய்மரப் படகே இந்த முறையை உலகெங்கும் பரப்பியது. சாதாரண வருமானம் உள்ள குடும்பமும் வீட்டிலேயே படகு செய்துகொள்ளலாம் என்பது அதன் நோக்கம். அந்த ஒரு வடிவத்தில் மட்டும் இதுவரை 70,000-க்கும் மேற்பட்ட படகுகள் கட்டப்பட்டுள்ளன.

வடிவம் வந்துவிட்டால் படகு முடிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். “இனிமேல்தான் பெரிய வேலை” என்றார் கணவர். மரம் நீரைக் குடிக்கும், வெயிலில் வெடிக்கும், ஆற்றங்கரைக் கல்லில் உரசினால் தேயும். ஆகவே படகைக் கவிழ்த்து வைத்து, அதன் அடிப்புறம் முழுவதும் கண்ணாடியிழைத் துணியை விரித்து, எபோக்சி என்னும் பசையால் ஊறவைத்து ஒட்ட வேண்டும். பசை இறுகியதும் மரமும் துணியும் பசையும் ஒரே உடம்பாகிவிடும்.

கண்ணாடியை உருக்கி மெல்லிய நூலாக இழுத்து நெய்த துணி அது. நாங்கள் வாங்கியது சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ளது. வெண்பட்டுப் போல் பளபளக்கும். ஆனால் பசை பட்டதும் அந்த வெண்மை மறைந்து, துணி இருப்பதே தெரியாமல் மரத்தின் ரேகைகள் தேன் நிறத்தில் தெரியத் தொடங்கும். வெண்மையாக எங்கேனும் ஒரு திட்டு எஞ்சி நின்றால் அங்கே பசை போதவில்லை அல்லது காற்று சிக்கியிருக்கிறது என்று பொருள். பார்த்த கண்ணுக்கே தவறு தெரிந்துவிடும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத தவறும் ஒன்று உண்டு.

எபோக்சி இரண்டு புட்டிகளில் வருகிறது. ஒன்று பசை, மற்றொன்று இறுக்கி. நாங்கள் வாங்கியதில் பசை இரண்டு பங்கு என்றால் இறுக்கி ஒரு பங்கு சேர்க்க வேண்டும். மீன்பிடிப் படகுகளைப் பழுது பார்க்கப் பயன்படுத்தும் பாலியெஸ்டர் பசை வேறு வகை. அதில் இறுக்கியைச் சில துளி கூட்டினால் விரைவாக இறுகும். குறைத்தால் மெதுவாக இறுகும். எபோக்சியில் அந்தச் சலுகை கிடையாது. பசையின் ஒவ்வொரு மூலக்கூறும் இறுக்கியோடு கைகோக்க வேண்டும். இறுக்கி பாதியாகக் குறைந்தால் மீதிப் பசைக்குக் கைகோக்கத் துணையில்லை. அது எத்தனை நாள் வைத்திருந்தாலும் பாகு போலவே இருக்கும்.

அளவு தவறாமல் இருக்கப் புட்டிகளின் வாயில் பம்பு பொருத்தியிருந்தார்கள். பசைப் பம்பை ஒரு முறை அழுத்தினால் வருவதில் சரிபாதி, இறுக்கிப் பம்பை ஒரு முறை அழுத்தினால் வரும். ஆகவே இங்கே எட்டு அழுத்து, அங்கே எட்டு அழுத்து. ஏறத்தாழ 200 கிராம் கலவை கிடைக்கும். இரண்டு நிமிடம் நன்றாகக் கலக்கி, உடனே அகன்ற தட்டில் ஊற்றிவிட வேண்டும். குவளையிலேயே விட்டால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகைந்து கட்டியாகிவிடும். நம் நாட்டு வெயிலில் இது இன்னும் விரைவாக நடக்கும். வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் இவ்வினையின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகிறது.

எனவே மாலை ஐந்து மணிக்குத் தொடங்குவது என்று கணவர் முடிவு செய்தார். அதற்கு வேறு காரணமும் உண்டு. காலையில் மரம் சூடேறும்போது அதன் துளைகளில் உள்ள காற்று விரிந்து வெளியேறி, பசையில் குமிழிகளை உண்டாக்கும். மாலையில் மரம் குளிரும்போது பசையை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆனால் இரவு நேரமாகிவிட்டால் பனி இறங்கும். ஐந்து மணிக்கும் எட்டு மணிக்கும் இடைப்பட்ட மூன்று மணி நேரமே எங்களுக்கு இருந்தது.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். நான் கலப்பது, அவர் பரப்புவது. பிளாஸ்டிக் தகட்டினால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி மெதுவாக இழுத்துப் பசையை ஊறவைக்க வேண்டும். அழுத்தி இழுத்தால் துணி பசையின்றி வறண்டுவிடும். அழுத்தாமல் விட்டால் துணி மிதக்கும். ஒரு கலவை முடிவதற்குள் அடுத்தது வந்துவிட வேண்டும். நான் ஆசிரியை அல்லவா? சிறு வெண்பலகை ஒன்றில் கட்டம் போட்டு, கலவை எண், பசை எட்டு, இறுக்கி எட்டு என்று ஒவ்வொன்றையும் முடித்ததும் அடையாளமிடும் அட்டவணை தயாரித்தேன். கணவர் அதனைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார்.

முதல் ஐந்து கலவைகளும் ஒழுங்காகப் போயின. கவிழ்ந்த படகின் அடிக்கட்டையிலிருந்து இரு பக்கமும் வெண்துணி மறைந்து மரம் ஒளிர்ந்துகொண்டே வந்தது. இருபத்தேழு ஆண்டு இல்வாழ்க்கையில் நாங்கள் இவ்வளவு இணக்கமாக ஒரு வேலையைச் செய்ததாக எனக்கு நினைவில்லை. “கொஞ்சம் இடப்பக்கம்.” “இங்கே ஒரு குமிழி.” “சரி, வருகிறேன்.” அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அது பேச்சாக இருந்தது.

ஆறாவது கலவையின்போது கைப்பேசி ஒலித்தது. அதனை வீட்டுக்குள் வைத்துவிட்டு வந்திருக்க வேண்டும். அழைத்தவர் ஒரு மாணவனின் தாயார். பையனுக்குக் காய்ச்சல், திங்கட்கிழமைத் தேர்வை என்ன செய்வது என்று கேட்டார். அரை நிமிடம்தான் பேசினேன். திரும்பி வந்து பார்த்தபோது என் விரல் இறுக்கிப் பம்பின் மேல் இருந்தது. நான்கு அழுத்தியிருந்தேனா? எட்டும் முடித்துவிட்டேனா? எனக்குத் தெரியவில்லை.

குவளை உட்புறம் தெரியாத வகை. எட்டிப் பார்த்தும் ஒன்றும் விளங்கவில்லை. செய்ய வேண்டியது ஒன்றே. அந்தக் குவளையை ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கியிருக்க வேண்டும். நட்டம் பத்துப் பன்னிரண்டு ரிங்கிட்டுக்கு மேல் இராது. ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து, “கலவை! ஓரம் இறுகுகிறது, சீக்கிரம்!” என்று அவர் குரல் வந்தது. எட்டும் முடித்திருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கலக்கினேன். கொடுத்தேன். வெண்பலகையில் ஆறாவது கட்டத்தில், இறுக்கி எட்டு என்று அடையாளமும் இட்டேன்.

எண்ணிக்கை மறந்தது பிழைதான். எவருக்கும் நேரக்கூடியது. ஆனால் தெரியாத ஒன்றைத் தெரிந்ததாக அந்தக் கட்டத்தில் குறித்தேனே, அதனைப் பிழை என்று சொல்லித் தப்ப முடியாது.

ஒன்பதாவது கலவையோடு எட்டு மணிக்கு முன்னரே வேலை முடிந்தது. தார்ப்பாய் கட்டினோம். கணவர் கையுறையைக் கழற்றிவிட்டு நெடுநேரம் நின்று படகைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்குப் போய் இருவருக்கும் தே தாரிக் வாங்கி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் என்னை எழுப்பவில்லை. நானே எழுந்து வெளியே வந்தபோது படகின் அருகே குந்தி, ஒரே இடத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். படகு முழுவதும் நகத்தால் தட்டினால் ‘டக் டக்’ என்று ஓசை வந்தது. பின்பகுதியில் மட்டும், இரண்டு மாணவர் மேசைகளைச் சேர்த்து வைத்த அளவுக்கு, வெல்லப் பாகு போல் விரலில் ஒட்டியது. அது ஆறாவது கலவை பரப்பிய இடம் என்பதைப் பார்த்தவுடனே அறிந்துகொண்டேன்.

“பனி இறங்கிவிட்டதோ?” என்றார். நான் பேசவில்லை. “மாலையில் தொடங்கியது என் தவறு” என்றார். அதற்கும் நான் பேசவில்லை. பிறகு உள்ளே போய் வெண்பலகையை எடுத்து வந்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். “கலவையெல்லாம் சரியாக இருக்கிறது. நீ எழுதி வைத்திருக்கிறாய். அப்படியானால் சரக்குதான் பழையது” என்றார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பசை விற்ற தவுக்கேயை அழைத்தார். எப்போதும் அமைதியாகப் பேசும் மனிதர், அன்று மலாயில் உரத்த குரலில், பழைய சரக்கை என் தலையில் கட்டிவிட்டாய், ஏமாற்றிவிட்டாய் என்றெல்லாம் பேசினார். நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதாவது ஓடிச்சென்று தடுத்திருக்கலாம்.

அன்றிரவு அவர் மேசை விளக்கு, மேசை விசிறி எல்லாவற்றையும் வாசலுக்கு எடுத்துச் சென்றார். சூடு காட்டினால் இறுகிவிடும் என்ற நம்பிக்கை. இரவு இரண்டு மணிக்கு விழித்தபோது அவர் படுக்கையில் இல்லை. சாளரத்தின் வழியே பார்த்தேன். விளக்கு வெளிச்சத்தில், ஒரு விரலால் படகைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அது இறுகாது என்பதை அறிந்த ஒரே ஆள் நான்.

திங்கட்கிழமை ஐந்தாம் ஆண்டு மாணவர்களின் கணிதப் பயிற்சிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவனின் புத்தகத்தில் வழிமுறை பாதியில் நின்று, தொடர்பில்லாத ஒரு விடை எழுதப்பட்டிருந்தது. அவனை அழைத்து, “இந்த விடை எப்படி வந்தது?” என்று கேட்டேன். சிறிதும் தயங்காமல், “எண்ணிக்கொண்டே வந்தேன் டீச்சர். நடுவில் மறந்துவிட்டது. அதனால் ஏதோ ஒன்றை எழுதிவிட்டேன்” என்றான்.

“மீண்டும் தொடக்கத்திலிருந்து எண்ண வேண்டியதுதானே?”

“நேரம் போய்விடுமே என்று பயந்தேன் டீச்சர்.”

வேறு நாளாக இருந்தால் அவனுக்கு ஓர் அறிவுரைச் சொற்பொழிவு நிகழ்த்தியிருப்பேன். அன்று என்னால் வாய் திறக்க முடியவில்லை. திருக்குறளின் வாய்மை அதிகாரத்தை எத்தனை ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன்! பத்து வயதுப் பையன், கேட்ட முதல் கேள்விக்கே சொல்லிவிட்டான். நான் சொல்லவில்லை. “சரி, போய் மறுபடியும் செய்” என்று மட்டும் கூறி அனுப்பினேன்.

அன்று மாலையே சொல்லிவிட வேண்டும் என்று எண்ணி வீட்டுக்குப் போனேன். சொல்லவில்லை. அவர் களைத்துப்போயிருந்தார், நாளை சொல்லலாம் என்று மனம் காரணம் தேடியது. மனம் எப்போதும் அடுத்தவருடைய நன்மையைத்தான் காரணமாகக் காட்டுகிறது.

செவ்வாய்க்கிழமை மாலை நான் வந்தபோது அவர் மகிழுந்தின் சாவியோடு புறப்பட்டு நின்றார். பசைப் புட்டிகள் பையில் இருந்தன. “கிள்ளானுக்குப் போகிறேன். அந்தத் தவுக்கேயிடம் நேரில் கேட்காமல் விடமாட்டேன்” என்றார்.

“என்னங்க, போக வேண்டாம். சரக்கில் குறையில்லை” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கைப்பேசி, நான்கா எட்டா என்ற ஐயம், வெண்பலகையில் இட்ட அடையாளம், ஞாயிறு காலையே அறிந்திருந்தது, எல்லாம்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்ட முதல் கேள்வி, “எத்தனையாவது கலவை?” என்பது.

“ஆறாவது.”

“மற்றவை?”

“மற்ற எட்டும் சரி. அவற்றில் ஐயமில்லை.”

தலையசைத்தார். பிறகு, “இறுக்கிப் புட்டியில் கொஞ்சம் மிச்சம் இருந்ததைப் பார்த்தேன். பம்பில் காற்று புகுந்திருக்கும் என்று நினைத்தேன். உன் கணக்கு தவறும் என்று எனக்குத் தோன்றவே இல்லை” என்றார். அவர் திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

சிறிது நேரம் கழித்துத்தான் அவருக்குக் கோபம் வந்தது. அது பசைக்காகவோ துணிக்காகவோ வந்த கோபமன்று. “ஒரு மனிதனை ஏமாற்றுக்காரன் என்று சொல்லிவிட்டேனே! நீ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதானே இருந்தாய்?” என்றார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. இன்றும் இல்லை.

அவரே கைப்பேசியை எடுத்து அழைத்தார். மன்னிப்புக் கேட்டார். நான் கைப்பேசியை வாங்கி, தவறு என்னுடையது என்பதை என் வாயாலேயே தவுக்கேயிடம் கூறினேன். மறுமுனையில் சற்று அமைதி. பிறகு, இப்படி வருபவர் நீங்கள் முதல் ஆள் இல்லை என்றார். அதன் மேல் புதிய பசையைப் பூசி மூடிவிடாதீர்கள், அடியில் உள்ளது ஒருநாளும் இறுகாது, மேலே பூசியதும் ஒருநாள் உரிந்து வரும், முழுவதையும் எடுத்துவிடுங்கள் என்று வழிமுறையும் சொல்லிக் கொடுத்தார். அவர் பேச்சில் கனிவு இருந்தது. அதுவே எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்றிரவும் மறுநாளும் கணவர் என்னோடு அதிகம் பேசவில்லை. வியாழக்கிழமை மாலை, “சனிக்கிழமை துணியை உரிக்கலாம்” என்றார்.

உரிப்பது ஒட்டுவதைவிடக் கடினமான வேலை. இறுகாத பகுதியின் ஓரத்தைக் கத்தியால் கீறி, துணியை மெதுவாக இழுத்து எடுத்தோம். அடியில் மரத்தில் ஊறியிருந்த பாகைத் தகட்டால் சுரண்டி, கரைப்பானில் நனைத்த துணியால் துடைத்து, துணியை மாற்றி மீண்டும் துடைத்து, காய்ந்தபின் 80 எண் உப்புத்தாளால் தேய்த்தோம். சுற்றியுள்ள இறுகிய பகுதியைச் சோப்பு நீரால் கழுவினோம். எபோக்சி இறுகும்போது மேலே மெழுகு போன்ற ஒரு படலம் வரும். அதனைக் கழுவாமல் தேய்த்தால் அடுத்த பூச்சு பிடிக்காது. இந்த வேலையின்போதுதான் என் கையுறை கிழிந்திருந்ததைக் கவனிக்காமல் விட்டேன். இறுகாத எபோக்சி தோலுக்குப் பகை. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு சிறிதளவு பட்டாலும் திரும்ப வரும் என்று மருத்துவர் எச்சரித்தார். இவ்வேலையில் இறங்க எண்ணும் அன்பர்கள் கையுறையும் நீளக்கைச் சட்டையும் அணிந்துகொள்ளுங்கள். தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் மூடும் கவசம் கட்டாயம். பசை தோலில் பட்டால் தின்னரால் துடைக்காதீர்கள். அது பசையைத் தோலுக்குள் கொண்டுபோய்விடும். சோப்பும் நீரும் போதும்.

புதிய துணியை எல்லாப் பக்கமும் 5 சென்டிமீட்டர் மேலேறும்படி வெட்டி வைத்தோம். கைப்பேசிகள் இரண்டும் வீட்டுக்குள். கணவர் புதிய விதி ஒன்றைச் சொன்னார். அழுத்தும்போது இருவரும் சேர்ந்து வாய்விட்டு எண்ண வேண்டும். எவருக்கேனும் ஐயம் வந்தால் குவளையை ஓரமாக வைத்துவிட வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. வாசலில் நின்று இருவரும் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் போல், “ஒன்று, இரண்டு, மூன்று” என்று உரக்க எண்ணினோம். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மையார் எட்டிப் பார்த்துச் சிரித்தார். இரண்டாவது கலவையில் எனக்கு ஐயம் வந்தது. ஏழா எட்டா என்று. “ஐயம்” என்றேன். அவர் ஒன்றும் கேட்காமல் குவளையை எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டு வெற்றுக் குவளையை நீட்டினார்.

மறுநாள் காலை இருவரும் ஒன்றாகவே போய்த் தட்டிப் பார்த்தோம். ‘டக் டக்’ என்றது.

அதன்பின் துணியின் இழைக்குழிகள் நிரம்ப மேலும் இரண்டு பூச்சுப் பூசித் தேய்த்தோம். சென்ற வாரம் அக்கம் பக்கத்தாரின் உதவியோடு படகை நிமிர்த்தியாயிற்று. இப்போது உள்ளே இருக்கைப் பலகைகள் பொருத்தும் வேலை. உள்வேலையில் பசைக்கு அருகே நான் போவதில்லை. அளப்பதும் கோடு போடுவதும் என் பொறுப்பு. ஆற்றில் இறக்க இன்னும் சில மாதங்கள் ஆகலாம். பின்பகுதியில் உள்ளங்கையை வைத்துத் தடவினால் ஒட்டுப்போட்ட ஓரம் இன்னமும் மெல்லத் தட்டுப்படுகிறது. மேலும் தேய்த்தால் துணி பழுதாகும் என்று விட்டுவிட்டோம்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் இதிலிருந்து ஒன்றே ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். ஒரு பிள்ளை தன் தவற்றைச் சொல்லும்போது நாம் பெரும்பாலும் கேட்பது, “ஏன் அப்படிச் செய்தாய்?” என்பது. அதற்கு எந்தப் பிள்ளையாலும் நல்ல மறுமொழி தர இயலாது. என்னாலும் தர இயன்றிராது. என் கணவர் முதலில் கேட்டது, “எத்தனையாவது கலவை?” என்று. அந்தக் கேள்விக்கு என்னிடம் மறுமொழி இருந்தது. கோபம் பிறகு வந்தது, வர வேண்டியதுதான், அதற்கு நான் உரியவளே. ஆனால் முதலில் அவர் தவறு எங்கே இருக்கிறது என்று கேட்டதால்தான் மீதியை என்னால் பேச முடிந்தது.

இப்போது என் வகுப்பில் ஒரு சிறு வழக்கத்தைக் கொண்டுவந்திருக்கிறேன். பயிற்சியின் நடுவில் எண்ணிக்கையோ வழிமுறையோ மறந்துவிட்டால் மாணவர்கள் கையை உயர்த்தி, “ஐயம்” என்று சொல்லலாம். புதிய தாள் கிடைக்கும். கேள்வி கேட்கமாட்டேன். முதல் வாரம் எவரும் கையை உயர்த்தவில்லை. இரண்டாம் வாரம் முதலில் கை உயர்த்தியவன், அன்று என்னிடம் உண்மையைச் சொன்ன அதே மாணவன்தான்.